"என் பொஞ்சாதியும் கத்தல"

வழக்குகளில் குற்றவாளியா இல்லையா என்று சொல்ல ஊர்க்காரர்களை ஜூரிகளாக உட்கார வைத்த காலம் அது. ஸ்ரீபெரும்புதூரில் மளிகைக் கடை வைத்திருந்த என் கணவரையும் ஒரு வழக்குக்கு அழைத்திருந்தார்கள். அரிசி மில்லில் வேலை பார்த்த பெண்ணை அங்கிருந்த மேஸ்திரி பலாத்காரம் செய்துவிட்டதாக வழக்கு.

விசாரணை முடிந்த அன்று மாலை வீடு திரும்பியவர், "அந்தப் பொண்ணு கத்தவேயில்லையாம். மறுநாளும் வேலைக்கு வந்துகீறா. புளுகுறாள்னு ஜூரிங்க எல்லாரும் சொல்றாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றார்.

"கல்யாணத்துக்கு முந்தி, குன்றத்தூர் போற வழியில ஒருத்தன் என்னைப் புதருக்குள்ள இழுத்தான். கத்த வாயைத் தொறந்தேன், சத்தமே வரலீங்க. எப்படியோ உதறிக்கினு ஓடியாந்தேன். வூட்டுக்கு வந்து எப்பவும்போல சோறு வடிச்சேன். நான் புளுகுறேனா?" என்றேன்.

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "இத அங்க சொல்லட்டுமா? ஊருக்கே தெரிஞ்சிடும் புள்ள" என்றார்.

"சொல்லுங்க" என்றேன்.

மறுநாள் ஜூரிகள் அறையில், அத்தனை ஆண்கள் நடுவில், "என் பொஞ்சாதியும் கத்தல" என்று ஆரம்பித்து முழுவதும் சொல்லியிருக்கிறார். சிரித்த ஒருவரை அதட்டி அடக்கினாராம். விடுதலை என்று நினைத்திருந்தவர்களில் பலர் மனம் மாறினார்கள். மேஸ்திரிக்குத் தண்டனை கிடைத்தது.

ஊரில் சிலர் என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தார்கள். அப்படிப்பட்ட மனுஷரின் மனைவி என்ற பெருமையில் நான் தலை நிமிர்ந்தே நடந்தேன். அதுவரை ஒளித்து வைத்திருந்ததை, இப்போது வேலைக்குப் போகும் என் மகள்களிடமும் அவர்களுடைய தோழிகளிடமும் நானே சொல்லிவிடுகிறேன். ஏதாவது நேர்ந்தால், என்னிடம் வந்து சொல்ல அவர்கள் யோசிக்கக் கூடாது.