வடிவம் பார்த்து ஆடியவர்

அந்த ஆட்டத்தில் நிறைய பாயிண்ட் எடுக்க வேண்டுமானால் முதலில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்காரப் பழக வேண்டும். எனக்கு அது வரவே இல்லை. எண்ணெய் காய்வதற்குள் கடுகைப் போட்டுவிட்டு, வெடிக்கவில்லையே என்று கடுகைத் திட்டுகிற ஆள் நான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. திருத்தங்கலில் ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்வது. மயில், முயல், கொழுக் மொழுக் குழந்தை, நாங்கள் யாரும் பார்த்திராத ஏதோ ஒரு நாட்டு அருவி, எல்லாம் என் கை வழியாகத்தான் பெட்டியில் ஏறும். ஆர்டர் கொடுக்கும் பட்டாசுக் கம்பெனிக்காரர்களைப் பார்ட்டி என்போம். பார்ட்டி மெயிலில் அனுப்பும் படம் இறங்கி முடிவதற்குள் சாப்பிட்டுக் கை கழுவி வந்துவிடலாம். அப்படிக் காத்திருந்த ஒரு நேரத்தில்தான் இன்டர்நெட்டில் அந்த ஆட்டம் என் கண்ணில் மாட்டியது.

கட்டம் கட்டமாக ஒரு பலகை, கட்டத்துக்கு ஒரு கலர்க் கல். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கல்லை இடம் மாற்றலாம். மாற்றினால் ஒரே மாதிரி மூன்று கல் ஒரு வரிசையில் வர வேண்டும். வந்தால் மூன்றும் மறைந்துவிடும், மேலே இருப்பவை கீழே விழும், புதுக் கற்கள் உச்சியிலிருந்து வரும். வராவிட்டால் மாற்றிய கல் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். மாற்ற வழியே இல்லாமல் போனால் ஆட்டம் முடிந்தது. நான்கு சேர்த்தால் ஒரு மின்னும் கல் கிடைக்கும். அதை உடைத்தால் சுற்றியுள்ளதெல்லாம் சேர்ந்து உடையும். விழுகிற கற்கள் தாமாகவே மூன்று சேர்ந்து உடைந்தால் பாயிண்ட் இரட்டிப்பாகும். அதனால் பலகையின் அடியில் உடைக்க வேண்டும், அப்போதுதான் மேலே இருப்பதெல்லாம் கலைந்து விழும் என்பது என் சித்தாந்தம். கொஞ்ச நேரம் பாயிண்ட் எகிறும், பிறகு வழி அடைத்துக்கொள்ளும். யோசனை கேட்க ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் எந்தக் கல் என்று காட்டிக்கொடுத்துவிட்டுப் பாயிண்டைப் பிடித்துக்கொள்ளும். வெட்கமில்லாமல் அதையும் அமுக்குவேன்.

என் வீட்டுக்காரருக்கும் அதே பிரஸ்தான். மெஷின்மேன். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. பேப்பர் ஒட்டிக்கொண்டு மெஷின் நின்றால், நாலு பேர் சேர்ந்து முழிப்பதை அவர் ஓசையைக் கேட்டே சரி செய்துவிடுவார். ஆனால் கோபக்காரர் என்று பெயர். இங்க் டப்பாக்கள் அவர் வைத்த வரிசையில்தான் இருக்க வேண்டும். யாராவது இடம் மாற்றிவிட்டால் மெஷினை நிறுத்திவிட்டுக் கத்துவார். “ஒங்க வீட்டுக்காரருக்கு அந்த டப்பாவுல சாமி குடியிருக்கு போல” என்று பைண்டிங் அக்காமார் என்னைக் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அந்த வருடம் முதலாளி நாலு கலர் மெஷின் ஒன்று வாங்கினார். அதை இவர்தான் ஓட்ட வேண்டும் என்றார். அதுவரை கலர் பார்த்துச் சரி சொல்ல ஒரு போர்மேன் இருந்தார். அவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார். புது மெஷினில் ஓட்டுகிறவரே மாதிரித் தாளோடு கலரை ஒத்துப் பார்த்து, முதல் ஷீட்டைப் பார்ட்டியிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து விழுந்த பிறகுதான் மொத்த லோடும் ஓடும். இவரோ பிடிகொடுக்கவே இல்லை. பாப்போம் அண்ணாச்சி, சீசன் முடியட்டும் அண்ணாச்சி என்று முதலாளியிடம் நழுவிக்கொண்டே இருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வலிய வந்து குடுக்காக, வேண்டாங்கீக. ஒங்களுக்கு என்னதான் வேணும்?”

“எனக்குப் பழைய மெஷினே போதும்.”

அன்று வீட்டில் பாத்திரங்கள் எல்லாம் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவப்பட்டன.

இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு மத்தியானம், அச்சுக்கான லேபிள் பிலிம் வாங்க என் அறைக்கு வந்தவர் திரையைப் பார்த்துவிட்டு நின்றார். “தள்ளு, நான் பாக்கேன்” என்று உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எதையும் தொடவில்லை. டீ ஆறுகிற நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏதாச்சும் பண்ணுங்க!”

“எதுக்கு அம்புட்டு அவசரம்? இதை எடுத்தா அங்கன என்ன விளும்னு பாத்தியா நீ?”

அவர் ஆடிய விதத்தைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். ஒரே மாதிரி இரண்டு கல் சேர்ந்து கிடந்தால் அதைக் கலைக்கக் கூடாது. மூன்றாவது எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்த்துக் காத்திருக்க வேண்டும். ஒரே மாதிரி இரண்டு கல்லுக்கு நடுவில் வேறு கல் ஒன்று இருந்தால் அதுவும் நல்லதுதான், மேலிருந்தும் கீழிருந்தும் நிரப்பலாம். வழி நிறைய இருக்கும்போது அடியில் உடைக்கலாம். வழி குறைந்துவிட்டால் உச்சியில்தான் கை வைக்க வேண்டும், அப்போதுதான் கீழே பார்த்து வைத்திருக்கும் வழிகள் கலையாது. மின்னும் கல் கிடைத்ததும் உடைத்துவிடாமல், முட்டிக்கொள்ளும் நேரத்துக்கு விட்டுவைக்க வேண்டும். யோசனைப் பொத்தானை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் பாயிண்டை அவர் தாண்டிப் போனதைப் பார்க்க எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அந்த ஆட்டத்தில் கலருக்கு ஒரு வடிவம் உண்டு. நான் சிவப்பு, பச்சை என்பேன். அவர் சதுரம், முக்கோணம், எலுமிச்சங்காய் என்பார். மெஷின்காரர் புத்தி என்று நினைத்துக்கொண்டேன். அதன்பிறகு பிலிம் வாங்க வரும்போதெல்லாம் ஓர் ஆட்டம் ஆடிவிட்டுத்தான் போவார். எங்கள் சண்டை அந்த நாற்காலியில்தான் ஆறியது.

சில வாரங்களில் அந்தத் தளத்துக்காரர்கள் ஆட்டத்தை மாற்றிவிட்டார்கள். வடிவமெல்லாம் போய், எல்லாமே ஒரே மாதிரி உருண்டைக் கோலி. கலர் மட்டும்தான் வித்தியாசம். அவர் வழக்கம்போல நேரமெடுத்துப் பார்த்துவிட்டு ஒரு கோலியை மாற்றினார். அது திரும்பிப் போனது. இன்னொன்று மாற்றினார். அதுவும் திரும்பியது.

“என்ன, இன்னைக்கு கண்ணு பெடரிலயா இருக்கு?” என்று சிரித்தேன்.

“மவுஸு சரியில்ல.”

“மவுஸு நல்லாத்தான் இருக்கு.”

மூன்றாவதும் திரும்பியது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். வாங்க வந்த பிலிம் மேசையிலேயே கிடந்தது. என்ன கோபம் இது என்று நினைத்தபடி பலகையைப் பார்த்தேன். கடைசியாக அவர் சேர்க்கப் பார்த்த மூன்று கோலிகளும் எனக்கு நினைவிருந்தன. ஒரு பச்சை, இரண்டு ஆரஞ்சு. அதற்கு முன் இரண்டு நீலமும் ஒரு ஊதாவும். டப்பா வரிசை, அந்தக் கத்தல், பழைய மெஷினே போதும் என்றது, எல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

சாயங்காலம் வீட்டில் காப்பியைக் கொடுத்துவிட்டு நேராகவே கேட்டேன். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு.

“ஒங்களுக்குக் கலரு தெரியாதா?”

டம்ளரைக் கீழே வைத்தார். “கொஞ்சம் தெரியும். நீலம், மஞ்சள் தெரியும். பச்சையும் ஆரஞ்சும் ஒண்ணு போலத்தான் இருக்கும். செவப்பு இருட்டாத் தெரியும். பள்ளிக்கூடத்துல எலைக்கு மண்ணுக் கலரு அடிச்சு வாத்தியார்ட்ட அடி வாங்கியிருக்கேன்.”

“எம்புட்டு நாளா மறைக்கீக!”

“கலரு தெரியாதவன எந்தப் பிரஸ்ஸுல வப்பான்? வெளிய தெரிஞ்சா திரும்ப மருந்து ரூமுக்குத்தான் போகணும்.”

பிரஸ்ஸுக்கு வருவதற்கு முன் அவர் அச்சங்குளத்தில் அண்ணனோடு பட்டாசு மருந்து கலக்கும் வேலை பார்த்தவர். அந்த அண்ணனுக்கு முழங்கை வரை இருக்கும் தீப்பட்ட தழும்பை, பந்தியில் அவர் சோறு பிசையும்போது நான் பார்த்திருக்கிறேன். இந்த மனிதர் மறுபடி அந்த அறைக்குள் போவதை நினைக்கவே பயமாக இருந்தது. புது மெஷினை எடுத்தால் குட்டு வெளிப்படும், எடுக்காவிட்டால் ஏன் என்று முதலாளி துருவுவார்.

அதனால் நாங்கள் ஒரு திருட்டுத்தனம் செய்யத் தீர்மானித்தோம். திட்டம் என்னுடையது. என் அறைக்கு மெஷினைப் பார்த்த மாதிரி ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. முதல் ஷீட்டை அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்க வேண்டும். நான் தோட்டைத் தொட்டால் நீலம், செயினைத் தொட்டால் சிவப்பு, வளையலைத் தொட்டால் மஞ்சள். ஒரு தடவை தொட்டால் கூட்ட வேண்டும், இரண்டு தடவை தொட்டால் குறைக்க வேண்டும். பழைய லேபிள்களை வைத்து வீட்டில் பழகினோம். ஒரு தடவை காதில் கொசு கடித்து நான் சொறிய, அவர் நீலத்தைக் கூட்டுகிறேன் என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

புது மெஷினில் முதல் ஆர்டர் எம். புதுப்பட்டிப் பார்ட்டியுடையது. புஸ்வாணப் பெட்டி லேபிள், சிரிக்கும் குழந்தை, பின்னால் பச்சை வயல். முதலாளி தேங்காய் உடைத்தார். மெஷின் ஓடியது. இவர் முதல் ஷீட்டை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பித் தூக்கினார். நான் வளையலில் கை வைக்கப் போன நேரம் பார்ட்டிக்காரர் எங்கள் நடுவில் வந்து நின்றார். வாட்டசாட்டமான ஆள். அவர் முதுகைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

“பச்சை ஏறிப்போயிருக்கே தம்பி?” என்று அவர் கேட்டது மட்டும் கேட்டது.

நான் இடம் மாறி நின்று பார்த்தேன். ஸ்டூலில் ஏறினேன். என் வீட்டுக்காரர் முகம் தெரியவே இல்லை. ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை அடித்துவிட்டால் போதும், பாதிக்குப் பாதி சரியாகக்கூட இருக்கும். மெஷின் சத்தம் நின்றது. என் வீட்டுக்காரரே நிறுத்தியிருந்தார்.

“எனக்குத் தெரியல அண்ணாச்சி,” என்றார், முதலாளியைப் பார்த்து. “எனக்குப் பச்சை, செவப்பு வித்தியாசம் தெரியாது. பொறந்ததுலருந்தே அப்படித்தான். என் வீட்டுக்காரியக் கூப்பிடுங்க, அவ சரியாச் சொல்லுவா.”

நான் ஸ்டூலிலிருந்து குதித்து ஓடினேன். யாராவது கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை. ஷீட்டை வாங்கி மாதிரித் தாளின் பக்கத்தில் வைத்தேன்.

“பச்சை ஏறல அண்ணாச்சி. மஞ்சள் ஏறியிருக்கு. அதான் வயலு அடிக்கிது, பிள்ளை மொகமும் காமாலை வந்த மாதிரி இருக்கு. மஞ்சளைக் கொறைச்சாப் போதும்.”

என் வீட்டுக்காரர் போய் மஞ்சளைக் குறைத்தார். அடுத்த ஷீட் வந்தது. பார்ட்டிக்காரர் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். “பொம்பளப் பிள்ளை ஓகே சொல்லி கலரு ஓடுறது இங்கனதான் பாக்கேன்” என்று முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

முதலாளி என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

“ஏம்ப்பா, இதை மொதல்லயே சொல்லக் கூடாதா?” என்றார். “சரி, நீ மெஷினப் பாரு. கலரு இந்தப் பிள்ளை பாக்கட்டும். எனக்குத் தீபாவளிக்குள்ள லோடு போகணும்.” அவ்வளவுதான். அந்த மனிதருக்கு நான் இன்றுவரை நன்றி சொன்னதில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

வேலை முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். பாதி வழியில் அவர் திடீரென்று ஒரு கடை போர்டைக் காட்டி, “அது என்ன கலரு?” என்றார்.

“பச்சை.”

“அந்தப் பைக்கு?”

“செவப்பு.”

“அந்த அக்கா தலையில வச்சிருக்க பூவு?”

“கனகாம்பரம். ஆரஞ்சு.”

போகிற வருகிறதையெல்லாம் கேட்டார். இத்தனை வருடமும் யாரிடமும் கேட்காமல் வைத்திருந்ததெல்லாம் வந்தது. நானும் சலிக்காமல் சொல்லிக்கொண்டு வந்தேன். எனக்கே என் பொறுமை ஆச்சரியமாக இருந்தது. ஸ்டாப்பில் நின்றபோது குரலைத் தணித்துக் கேட்டார்.

“நம்ம கல்யாணத்துக்கு நீ கட்டியிருந்த பட்டு?”

“அரக்கு. நல்ல அடர்ந்த செவப்பு. ஒங்க அம்மாவும் அக்காவும்தான பாத்துப் பாத்து எடுத்தாக.”



“கறுப்புன்னு நெனச்சேன்,” என்றார். “மணவறையில பொண்ணுக்குக் கறுப்பக் கட்டி ஒக்கார வச்சிருக்காகளே, ஒனக்கு ஏதும் ஆகிறக் கூடாதேன்னு உள்ளுக்குள்ள பதறிக்கிட்டே இருந்துச்சு. கேட்டா என் கண்ணு வெளிய தெரிஞ்சிரும். சாமியக் கும்பிட்டுக்கிட்டே தாலியக் கட்டுனேன்.”

பஸ் வந்து நின்றது. நான் அழுதுகொண்டிருந்ததால் அதை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போனோம்.