பதினோரு வாயும் ஒரே பேச்சும்

என்னை முதலில் கெடுத்தவன் பூதலிங்கம்; கோர்ட்டு அதற்குப் பிறகுதான். சம்மன் சேவகன் வேலை என்றால் தெருநாய்கூட முகம் கொடுக்காது. நான் நாலாம் வகுப்போடு நின்றவன். சாட்சியில் எத்தனை வகை உண்டு என்பதைப் புத்தகத்தில் படிக்கவில்லை, கூண்டில் நின்று தெரிந்துகொண்டேன். கோர்ட்டுப் படியேறி இளைத்தவர்கள் இதை வாசித்தால் போதும். மற்றவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் விளங்காது.

கஞ்சிப் பசை

பூதலிங்கத்துக்கு ஆரல்வாய்மொழிப் பக்கம் நிறைய வயல். கால்வாய்க் கரையை வெட்டித் தண்ணீரைத் திருப்பிக்கொண்டான் என்று பக்கத்து வயல்காரர் வழக்குப் போட்டிருந்தார். சம்மனோடு போனேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இருமல் மட்டும் வெளியே கேட்டது. ஆள் ஒளிந்தால் சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டு, அக்கம்பக்கத்தார் இருவரிடம் கையொப்பம் வாங்க வேண்டும். கணவாய்க் காற்று ஆளையே தள்ளியது. அதனால் கஞ்சிப் பசையைக் கட்டியாக அப்பினேன். பசையில் இரண்டு சொட்டு வேப்பெண்ணெய் விடுவது எங்கள் வழக்கம். அன்று குப்பி காலி.

தெருவில் எல்லாக் கதவும் சாத்திக்கொண்டன. அவன் களத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த பிச்சம்மை ஒருத்திதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். கைநாட்டு வைக்கக் கூப்பிட்டேன்.

"நான் வைக்க மாட்டேன் அண்ணாச்சி. வேப்பெண்ண விடலியா? அவருக்க மாடு கடிதாசியத் தின்னு போடும்."

அடுக்குச் சாட்சி

கையொப்பம் இல்லாமலே, கதவில் ஒட்டியாயிற்று என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தேன். ஒட்டியதை மாடு தின்றுவிட்டது. பூதலிங்கம் கோர்ட்டுக்கு வரவில்லை, ஒருதலையாகத் தீர்ப்பாயிற்று. உடனே அவன், சேவகன் வரவே இல்லை, பொய்யாக எழுதிக் கொடுத்துவிட்டான் என்று மனுப் போட்டான். பதினோரு சாட்சிகளை வண்டிகட்டிக் கொண்டுவந்து இறக்கினான். முதல் ஆள் கூண்டேறி, "அன்னைக்கு எங்க தெருவுல சேவகன் கால் படல எசமானே" என்றான். அடுத்தவனும் அதையே சொன்னான், அதற்கடுத்தவனும் அதையே. எனக்கு வேர்த்தது. வழக்குப் போட்டவரின் வக்கீல் என் பக்கம் குனிந்தார். "பயப்படாதேயும். ஒரே சங்கதிக்கு ஒரே மாதிரி ஆளுகளை அடுக்கினா அது அடுக்குச் சாட்சி. எண்ணிக்கைதான் கூடும், கனம் கூடாது."

ஐந்தாவது ஆள் இறங்கியதும் முன்சீப் கையைக் காட்டி நிறுத்தினார். ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன். வக்கீலின் முகம் செத்துப்போயிற்று.

"மீதி ஆறு பேரும் இதையேதான் சொல்லப் போறாங்க. எனக்கு இது போதும். அவங்க வயலுக்குப் போகட்டும்" என்றார் முன்சீப்.

துணைச் சாட்சி

நம்பாமல் நிறுத்தவில்லை, நம்பிவிட்டதால்தான் நிறுத்தினார் என்று வக்கீல் பிறகு விளக்கினார். என் பேச்சைத் தாங்கிப்பிடிக்க வேறொரு இடத்திலிருந்து, வேறு வகையில் ஒன்று வேண்டும். அது துணைச் சாட்சி. பிச்சம்மையை அழைத்துப் போனேன். நான் ஒட்டியதைக் கண்ணால் கண்டவள் அவள் ஒருத்திதான். கூண்டேறினாள். பூதலிங்கம் உட்கார்ந்திருந்த பக்கம் ஒருமுறை பார்த்தாள். "சேவகன் வந்ததா ஆளுக சொல்லக் கேட்டேன்" என்றாள். கண்டேன் என்பது கேட்டேன் ஆனதும் அது வெறும் கேள்விச் சாட்சி; தள்ளிவிட்டார்கள்.

வெளியே வந்து, கண்டதைச் சொல்ல என்ன பயம் என்று அவளிடம் சத்தம் போட்டேன். அவள் அழவில்லை.

"எனக்குக் கூலி நெல்லு அளக்கது அவருக்க களத்துலயாக்கும் அண்ணாச்சி, உங்க கோர்ட்டுலயா?"

பித்தளை வில்லை

என் மார்பிலிருந்த வில்லையைக் கழற்றி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். பொய் எழுதினவன் என்று பெயராயிற்று. மகளுக்குக் கூடிவந்த சம்பந்தம் அந்தப் பெயரால் நின்றது.

மூன்று வருஷம் கழித்து, வட்டக்கோட்டைக்குப் போகும் மணல் பாதையில் பூதலிங்கம் எதிரே வந்தான். நான் விலகவில்லை. அவன் சிரித்தான். "நீரு வந்தது எனக்குத் தெரியாதா வே? கதவிடுக்கு வழியா உம்ம சொட்டத் தலையப் பாத்துக்கிட்டுல்லா நின்னேன்."  வேலை வேண்டாம், இதையே உம்ம தெருவில் நாலு பேர் கேட்கச் சொல்லும், பேரையாவது திருப்பிக் கொடும் என்றேன். அவன் பாதையை முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"ஆளிருந்தா நான் வாயத் திறந்திருப்பேனா வே?"

என் பேரைக் கெடுக்கப் பதினோரு பேரைத் தேடிப் பிடித்த பூதலிங்கம், அதைத் திருப்பித் தர அவன் ஒருத்தனே போதும் என்றாலும், இன்றுவரை தரவில்லை.