கல்யாணத்துக்கு முந்தின நாள்

சமையலறையிலிருந்து பிலோமினாவின் சிரிப்பு கேட்டது. காப்பார் ஊரில் இருக்கும் தன் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாக்கா, ஸ்கூல்ல செக்யூரிட்டி கார்டு வேலை. வர்ற திங்கக்கெழம சேரணும். இனிமே இவரு லோரி ஏற வேணாம்லா!"

கூடத்தில் உட்கார்ந்திருந்த ஐவன் தலையைக் குனிந்துகொண்டான். எதிரில் இருந்த பிலோமினாவின் கணவர் இருதயத்தின் தங்கை டீனாவைக் கட்டியவன். காவல் நிறுவனத்தில் சூப்பர்வைசர். மேனேஜரிடம் பேசி மச்சானுக்கு இந்த வேலையைக் கேட்டவனும் அவன்தான்.

"மச்சான், உங்களைப் பத்தி விசாரிச்சதுக்கு போலீஸ்லருந்து பதில் வந்திருச்சு. உங்க பேர்ல பழைய அடிதடி கேஸ் இருக்காம். வேலை இல்லைன்னுட்டாரு மேனேஜர்."

"அதுதான் ஃபைன் கட்டி முடிச்சாச்சே மாப்ள!"

"இன்டர்வியூல கேஸே இல்லைன்னு சொன்னீங்களே. பொய் வேற சொல்லியிருக்கீங்கன்னு கத்துறாரு."

பொய்யா? அபராதம் கட்டினால் எல்லாம் அழிந்துவிடும் என்றல்லவா இத்தனை வருஷமாக அவர் நம்பியிருந்தார்!

ஐவன் குரலைத் தாழ்த்தினான். "அதுல போட்டிருக்கிற கோர்ட்டு தேதி எங்க கல்யாணத்துக்கு முந்தின நாள். அன்னிக்குப் பந்தல்காரரைப் பார்க்கப் போனேன்னுதானே சொன்னீங்க?"

இருதயம் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அருகில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"கிள்ளான் டவுன்ல ஒரு கடை வாசல்ல சண்டை. விலக்கிவிடப் போனேன், என்னையும் சேர்த்து அள்ளிட்டாங்க. நான் அடிக்கலைன்னு சொன்னா கேஸு இழுக்கும், ஜாமீனுக்கு ஆள் தேடணும்னாங்க. ஒத்துக்கிட்டா ஃபைனோட அன்னிக்கே வீட்டுக்குப் போயிரலாம். மறுநாள் கல்யாணம். டீனா அப்பா இல்லாத பொண்ணு மாப்ள. கோயில்ல அவ கையைப் பிடிச்சு உங்ககிட்ட கூட்டிட்டு வர என்னைய விட்டா யாரு?"

ஐவனின் கண்கள் கலங்கிவிட்டன. பீடத்தின் முன்னால் டீனாவின் கையைத் தன் கையில் வைத்தபோது மச்சானின் விரல்கள் நடுங்கியதை, பாசத்தால் வந்த நடுக்கம் என்றே அவன் அன்று நினைத்திருந்தான்.

"டீனாகிட்ட நான்..."

"ஐயோ, வேணாம்!" இருதயம் அவன் மணிக்கட்டை இறுகப் பற்றினார். "என்னாலதான் அண்ணனுக்கு வேலை போச்சுன்னு சாவுற வரைக்கும் அழுவா. முழங்கால் வலி, மெடிக்கல்ல ஃபெயிலுன்னு சொல்லிருங்க."

ஐவன் எழுந்தபோது பிலோமினா தேநீரோடு வந்தாள். "எங்க தம்பி கெளம்பிட்டீங்க? யூனிஃபார்ம் எப்போ தருவாங்க?"

ஐவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "வரேன்க்கா," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாகப் படியிறங்கினான்.

இருதயம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். மனைவியின் பக்கம் திரும்பத் தைரியமில்லாமல் அப்படியே நின்றார்.