கேள்வி கேட்காத மூன்று நாட்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், வாடைக் காற்று ஓய்ந்து கடல் தெளிந்த மாசி மாதத்தில், திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் நடந்தது இது. கொழும்பில் நெஞ்சைத் திறந்து இருதய சத்திரசிகிச்சை செய்துகொண்டு நான் வீடு திரும்பிச் சில நாட்களே ஆகியிருந்தன. மல்லாந்து படுக்க முடியாததால் சாய்மனைக் கதிரையே எனக்குக் கட்டில். அதில் சாய்ந்தால் படலைக்கு அப்பால் உள்துறைமுகம் தெரியும். தண்ணீரில் நங்கூரமிட்ட ஒரு கப்பல், நீரோட்டம் மாறும்போதெல்லாம் மெல்லத் தலையைத் திருப்பிக்கொள்ளும். அதைப் பார்த்துக்கொண்டே பொழுதைப் போக்கினேன்.

கொழும்பில், வலிக்கு ஊசி போட்டிருந்த முதல் நாட்களிலும் நான் கப்பல்களைப் பார்த்தேன். அவை ஆஸ்பத்திரிக் கூரையில், மின்விசிறியைச் சுற்றிக்கொண்டு, சத்தமில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. இரண்டு சிவப்பு, ஒன்று சாம்பல் நிறம். நான் இருபத்தெட்டு வருடம் பத்திரிகைச் செய்தியாளனாக இருந்தவன். கண்ணால் கண்டதை எழுதிப் பழகியவனுக்குத் தன் கண்ணையே நம்ப முடியாமல் போனது வலியைவிடப் பெரிய பயமாக இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது தாதி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னார். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வலிக்குளிசையை நேரத்துக்குப் போட வேண்டும். மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்ரிக் கருவியில் மணிக்கொரு தடவை மூச்சை உள்ளே இழுத்துப் பந்துகளை எழுப்ப வேண்டும். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். வலி எவ்வளவு என்று பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் இலக்கத்தைக் காலை, மதியம், மாலை குறித்து வைக்க வேண்டும்.

"ஐயா, இந்தக் குளிசை உங்களைச் சொகுசா வைச்சிருக்கிறதுக்கில்லை. ஆழமா மூச்செடுத்து இருமுறதுக்கு. நோவுக்குப் பயந்து மேல்மூச்சு மட்டும் எடுத்தீங்களெண்டால் உள்ளுக்குச் சளி கட்டிப்போடும்" என்றார்.

அவர் சொன்னதை வார்த்தை பிசகாமல் என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். எழுதி முடித்ததோடு என் வேலையும் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே வலிக்குளிசையை நிறுத்தினேன். மற்ற மருந்துகளை ஒழுங்காக விழுங்கினேன். இதை மட்டும், மனைவி தண்ணீர்க் குவளையோடு குசினிக்குத் திரும்பியதும், சாரத்து மடிப்பில் செருகிவிடுவேன். பிறகு கதிரைக்குப் பின்னாலிருந்த பூச்சாடி மண்ணுக்குள் புதைப்பேன். கூரையில் கப்பல் ஓடக்கூடாது, தலை தெளிவாக இருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் மனைவி. கொழும்பில் மூன்று கிழமை என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து இருந்து அவளுக்குக் கணுக்கால்கள் வீங்கியிருந்தன. எனக்கு வலி அதிகம் என்று தெரிந்தால் மறுபடியும் அலையத் தொடங்குவாள். அதனால் புத்தகத்தில் மூன்று என்று எழுதினேன். காலை மூன்று, மதியம் மூன்று, மாலை மூன்று. அவள் தினமும் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சமைக்கப் போனாள். ஒரு பிழையான இலக்கம் அச்சில் போனால் இரவெல்லாம் தூங்காதவன், என் கையெழுத்திலேயே பொய் இலக்கம் எழுதினேன்.

உண்மையில் அது ஏழு, எட்டு. ஆனால் அசையாமல் இருந்தால் வலியும் என்னைச் சும்மா விடும் என்று கண்டுகொண்டேன். சின்னச் சின்ன மூச்சாக, தொண்டையோடு எடுத்துத் தொண்டையோடு விட்டால் நெஞ்செலும்பு விழிக்காது. இருமல் வந்தால் எச்சிலை விழுங்கி அடக்கிவிடலாம். பந்துக் கருவியில் ஒரு பந்து எழும்பும், மற்ற இரண்டும் அசையாது. அந்த ஒன்றும் பிறகு நின்றுபோனது.

அப்போதுதான் அந்தச் சுகமான நாட்கள் தொடங்கின. துறைமுகம் முழுதும் பால் கலந்ததுபோல் வெளுத்தது. சீனன்குடாப் பக்கத்து எண்ணெய்த் தாங்கிகள் மரங்களுக்கு மேலாக மெல்ல எழும்பி மிதந்தன. பயிற்சி விமானம் ஒன்று வானத்தின் ஓரிடத்தில் நின்றபடியே இரைந்துகொண்டிருந்தது. நங்கூரமிட்ட கப்பல் திரும்பும்போது விறாந்தையும் கூடவே திரும்பியது. எனக்குக் குளிராகவும் இல்லை, வெக்கையாகவும் இல்லை. யாரோ என்னைத் தண்ணீரில் வைத்துத் தாலாட்டுவதுபோல இருந்தது. உடம்பு தேறி வருகிறது, அதுதான் இந்தச் சாந்தம் என்று நினைத்தேன். வலிக்குளிசையே போடாதவனுக்கு இந்தக் கனவு எங்கிருந்து வந்தது என்று மட்டும் நான் கேட்கவில்லை.

கேள்வி கேட்காமல் விட்டது அது ஒன்றை மட்டுமல்ல.

கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டி கட்டி மீன் கொண்டுவரும் ஒருவர், அப்போது ஒன்பது வருடமாக எங்கள் படலைக்கு வந்துகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மட்டும் வரமாட்டார். அன்று அவருக்குத் தொழுகை, எங்களுக்கு மரக்கறி. வயது ஐம்பதிருக்கும். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் நாங்களும் அவரை நானா என்போம். மனைவி சட்டியோடு படலைக்குப் போவாள். நான் விறாந்தையிலிருந்தே விசாரணையைத் தொடங்குவேன். எந்தக் கடல், எந்த வலை, எத்தனை மணிக்குக் கரைக்கு வந்தது, நேற்றைய மீனா? அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லுவார். "அந்த வீட்டில மீன் விக்கிறல்ல, சாட்சி சொல்லுற" என்று அடுத்த தெருவில் என்னைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பாராம்.

நான் கொழும்பிலிருந்து வந்த முதல் நாள், "எந்தக் கடல் மீன், நானா?" என்று கேட்டபோது அவர் வானத்தைப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ், நீதவான் வந்துட்டார்" என்றார். அதற்குப் பிறகு என் கேள்விகள் குறைந்தன. பிறகு நின்றன. அவர் மீனைத் தூக்கிக் காட்டுவார், நான் "சரி" என்பேன். இரண்டு நாள் அப்படிப் போனது.

மூன்றாம் நாள் அவர் ஒரு பாரை மீனை வாலில் பிடித்து உயர்த்தினார். "ஐயா, இது எப்பிடி?"

பார்த்தேன். கண் குழிந்து, வெள்ளை படர்ந்திருந்தது. செவுள் கறுத்திருந்தது. பத்தடி தூரத்திலிருந்தே தெளிவாகத் தெரிந்தது. அது பழைய மீன். ஆனால் கண்டதற்கும் அதைச் சொல்வதற்கும் நடுவில் ஒரு நீண்ட வழி இருந்தது. அந்த வழியைக் கடக்க என்னிடம் மூச்சு இருக்கவில்லை. "சரி" என்றேன்.

மனைவி சட்டியை நீட்டினாள். அவர் மீனைக் கொடுக்கவில்லை. பெட்டிக்குள் போட்டு மூடினார். படலையைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, என் கதிரைக்குப் பக்கத்தில் குந்தினார்.

"ஐயா, ஒரு கேள்வி கேளுங்க."

"என்ன கேள்வி?"

"அதான் எனக்கும் வேணும். வழமையா நாலு கேப்பீங்களே."

"நேற்றைய... மீன்... தானே."

அவர் விரல்களை மடக்கி எண்ணினார். பிறகு என் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, மூணு சொல்லுக்கு மூணு மூச்சு எடுக்கிறார். முந்தாநாளே எனக்கு யோசனைதான். இண்டைக்கு வேணுமெண்டுதான் அந்தப் பழுதான மீனத் தூக்கிக் காட்டினனான். அதுக்கும் இவர் சண்டைக்கு வரல்லண்டா, இவருக்குச் சுகமில்ல."

மனைவி உள்ளே ஓடிப்போய்க் குறிப்புப் புத்தகத்தோடு வந்தாள். "மூண்டு எண்டுதானே எழுதியிருக்கிறார், நானா. கூடவும் இல்லையே."

"எழுத்துக் கிடக்கட்டும். நெத்தியத் தொட்டுப் பாருங்க."

தொட்டாள். கையை உடனே எடுத்துவிட்டாள். "இஞ்சேருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. எத்தினை?"

"எட்டு" என்றேன். பிறகு பூச்சாடியைக் காட்டினேன்.

அவள் மண்ணைக் கிளறி, கரைந்தும் கரையாமலும் கிடந்த குளிசைகளை உள்ளங்கையில் எடுத்து வைத்துப் பார்த்தாள். "அப்ப மூண்டு கிழமை அந்தக் கதிரையில நான் ஏனப்பா இருந்தனான்?" என்றாள். அவ்வளவுதான். அந்த வெட்டுக்காயம் தந்த வலிக்கு ஓர் இலக்கம் சொல்லலாம். இதற்கு என்னிடம் இலக்கம் இல்லை.

நானா போய் ஓட்டோ கொண்டுவந்தார். மனைவி தலையணையை என் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "குலுக்காமப் போங்க, பின்னால வாங்க" என்று ஓட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு, மீன்பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் அவர் முன்னால் போனார். பள்ளம் வரும் இடத்திலெல்லாம் இடது கையை நீட்டி, எந்தப் பக்கம் விலக வேண்டும் என்று காட்டினார். எனக்கு எல்லாமே பால்வெளிச்சத்தில் மிதந்தன. பெரிய கப்பலைத் துறைமுகத்துக்குள் கூட்டிவரச் சிறு படகொன்று முன்னால் போகுமே, அப்படி அந்தக் கை போய்க்கொண்டிருந்தது. அதை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது என்று மட்டும் எனக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் விரல்நுனியில் ஒரு கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு உடனே ஒக்சிசன் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கனவு கலைந்தது. சுவருக்கு விளிம்பு வந்தது, மணிக்கூட்டுக்கு முட்கள் வந்தன, கூடவே வலியும் முழுதாக வந்தது. சாந்தம் என்று நான் நினைத்தது மூச்சுப் போதாத மயக்கம். சுவாசப்பையின் அடிப்பகுதி விரியாமல் ஒட்டிக் கிடக்கிறது, கிருமியும் தொற்றியிருக்கிறது, இன்னும் இரண்டு நாள் பிந்தியிருந்தால் கதை வேறு என்று டொக்டர் சொன்னார். "நோவைத் தாங்கிறது கெட்டித்தனமில்லை, ஐயா. குளிசையைப் போட்டிட்டு இருமுறதுதான் கெட்டித்தனம்." கூரையில் கப்பல் ஓடிய கதையை அன்றுதான் முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன். அது ஊசி மருந்தின் வேலை, இந்தக் குளிசை அப்படிச் செய்யாது என்றார். முன்பே கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்கள்.

ஆறு நாள் அங்கே இருந்தேன். குளிசை போட்டு அரை மணித்தியாலம் பொறுத்து, தலையணையை இறுக அணைத்து, மூக்கால் மெதுவாக இழுத்து, மூன்று எண்ணும்வரை பிடித்து, பிறகு இரும வேண்டும். முதல் இருமல் நெஞ்சுக்குள் யாரோ சீலை கிழிப்பதுபோல இருந்தது. மனைவி தலையணைக்கு மேல் தன் கையையும் வைத்து அழுத்தினாள். ஐந்து என்றால் ஐந்து என்று எழுதினேன். ஆனால் புத்தகத்தை அவள் அதற்குப் பிறகு வாசிக்கவில்லை. என் முகத்தைத்தான் வாசித்தாள்.

வீடு திரும்பிய பிறகு நானா ஒரு சட்டம் போட்டார். கேள்வியை ஒரே மூச்சில் கேட்டால்தான் நல்ல மீன் கிடைக்கும். இடையில் மூச்சு வாங்கினால் அன்றைக்கு முள் நிறைந்த சூடை மீன்தான். இரண்டு கிழமை முள்ளோடு மல்லுக்கட்டினோம். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று எங்களோடு அலைந்ததில் மீன் எவ்வளவு பழுதானது என்று கேட்டேன். "பூனையளுக்குப் பெருநாள்" என்றார். அதற்கு மேல் அந்தக் கதையைத் தொடவிடவில்லை.

பங்குனி முடிகிற ஒரு காலை. துறைமுகத்திலிருந்து அந்தக் கப்பல் போய்விட்டிருந்தது. தண்ணீரின் விளிம்பு கத்தியால் கீறியதுபோல் தெளிவாக இருந்தது. கருவியில் மூன்று பந்துகளும் எழும்பி நின்றதைப் பார்த்துவிட்டுப் படலைவரை நானே நடந்து போனேன். நானா ஒரு பாரையைத் தூக்கிக் காட்டினார். "இந்தப் பாரை எந்தக் கடலில், எந்த வலையில், எத்தனை மணிக்குப் பிடிபட்டது, நேற்றும் இந்தப் பெட்டிக்குள்தானே கிடந்தது?" என்று ஒரே மூச்சில் கேட்டேன்.

அவர் மீனைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஓம் ஐயா, நேத்தையதுதான்" என்றார். ஒன்பது வருடத்தில் அவர் அப்படி ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. மூன்று பேரும் சிரித்தோம். எனக்கு நெஞ்சு நோகவில்லை. அல்லது, உண்மையைச் சொல்வதானால், இரண்டு.

இப்போது எனக்கு மூச்சு நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் காலையில் அந்த மோட்டார் சைக்கிள் ஹோன் அடித்தால், மீன் புதியது என்று கண்ணால் கண்ட பிறகும் ஒரு கேள்வியாவது கேட்டுவிடுவேன். என் பதில்களை எல்லோரும் நம்பியிருந்த நாட்களில், என் கேள்விகள் வராததைக் கவனித்த ஒருவர் படலையில் காத்துக்கொண்டு நிற்கிறார் அல்லவா.