டூஹி பப்பில் நான்காவது கிளாஸ்

அன்று மாலை டூஹி பப்பில் இருந்தவர்கள் இவர்கள்தான். மாலக்கி ஹெஹிர், அதாவது நான். ஓய்வுபெற்ற தபால்காரர் ஜார்லத். கூரை வேலை செய்யும் செனன். கவுண்டருக்குப் பின்னால் பப்பின் சொந்தக்காரி டிம்ப்னா. மொத்தம் நான்கு பேர். டிம்ப்னாவைக் கேட்டால் ஐந்து என்பாள்.

இது நடந்தது. எனக்கு எழுபத்தொன்பது வயது. ஹெஹிர் வீட்டுக்காரன் கதை கட்டினான் என்று இந்தக் கில்மோரா ஊரில் இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அன்று நான் குடித்தது அரை கிளாஸ்கூட இல்லை. ஆகவே போதையில் கண்டதைச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அந்த மாலையைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அதைக் கடைசியில் கவனித்துக்கொள்கிறேன்.

ஒவ்வொரு ஜனவரியிலும் நாங்கள் மூவரும் ஊரிலுள்ள நான்கு பப்புகளுக்கும் போய் ஸ்டவுட் பீரைச் சுவைத்து மதிப்பெண் போடுவோம். வியாழனுக்கு ஒரு பப். மாலை நான்கு மணிக்குப் போனால் ஆறு மணிக்குள் வீடு. ஜெயிக்கிற பப்புக்கு ஒரு பழைய குதிரை லாடம் கிடைக்கும். அடுத்த ஜனவரி வரை அதைக் கவுண்டருக்கு மேலே மாட்டிக்கொள்ளலாம். விளையாட்டுதான். ஆனால் நோட்டு என் கையில் இருப்பதால் யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

ஸ்டவுட்டை இங்கே கறுப்பு என்றுதான் சொல்வோம். அதை ஒரே மூச்சில் ஊற்றக் கூடாது. முக்கால் கிளாஸ் ஊற்றி நிறுத்த வேண்டும். உள்ளே பழுப்பாகச் சுழலும். இரண்டு நிமிடத்தில் அடங்கி, கீழே கறுப்பும் மேலே வெள்ளை நுரையுமாகப் பிரிந்து நிற்கும். அதற்குப் பிறகே மிச்சத்தை ஊற்றி நிரப்ப வேண்டும். குடிக்கக் குடிக்க, கிளாஸின் உள்பக்கத்தில் நுரை வளையம் போடும். ஒரு மடக்குக்கு ஒரு வளையம். காலி கிளாஸைப் பார்த்தே குடித்தவன் யாரென்று சொல்லிவிடுவேன். ஜார்லத் கோழி தண்ணீர் குடிப்பதுபோல் குடிப்பார், பன்னிரண்டு வளையம். செனனுக்கு நான்கு.

என் தம்பி லோர்கனுக்கு ஐந்து. முதலில் அகலம் அகலமாக மூன்று. பிறகு வெகுநேரம் தொட மாட்டான். கடைசியில் அடியில் இரண்டு, ஒன்றோடொன்று ஒட்டினாற்போல்.

லோர்கனைப் பற்றி இந்த ஒரு தடவை சொல்லியாக வேண்டும். முப்பத்தொரு வருடங்களுக்கு முன்னால் அப்பா இறந்தார். சர்ச் வாசலிலிருந்து குழி வரைக்கும் சவப்பெட்டியை மகன்கள் தோளில் சுமப்பது எங்கள் வழக்கம். லோர்கன் கடல் தாண்டி கவென்ட்ரியில் கட்டட வேலையில் இருந்தான். கப்பலேறி வந்து சேர்ந்தான். இடப்பக்கம் நான் நின்றேன். வலப்பக்கம் அவன் நிற்க வேண்டும். பெட்டியைத் தூக்கும் நேரத்தில் அவன் பின்னால் நகர்ந்தான். "என்னால முடியாதுண்ணே" என்றான். அவ்வளவுதான். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. அப்பாவின் பெட்டிக்கு ஓர் அண்டை வீட்டுக்காரன் தோள் கொடுத்தான்.

அன்று மாலை இதே டூஹி பப்பில், இதே கவுண்டரில், லோர்கன் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டி எனக்கு ஒரு பைன்ட், அதாவது ஒரு முழு கிளாஸ் கறுப்பு, சொன்னான். அப்படித் தட்டித்தான் அவன் எப்போதும் கேட்பான். பைன்ட் வந்தது. நான் அதைத் தொடவில்லை. எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். எங்கள் ஊரில் ஒருவனை அறைந்துவிட்டு மறுநாள் அவனோடு பேசலாம். அவன் வாங்கிக் கொடுத்த பைன்ட்டை நிறைந்தபடி விட்டுவிட்டுப் போனால் அதற்குப் பிறகு பேச்சே கிடையாது. அவன் அன்றிரவே கப்பலேறினான். ஏன் தோள் கொடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்பது என் வேலை அல்ல என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு டூஹிக்கு நான் போவது வருடத்தில் ஒரே ஒரு நாள், மதிப்பெண் போட.

சென்ற ஜனவரி, மூன்றாவது வியாழன். வெளியே மழை. நாங்கள் உட்கார்ந்தபோது மணி 4.08. கவுண்டர் ஓரமாக செனன், அடுத்து ஜார்லத், அடுத்து நான். எனக்கு வலப்பக்கம் ஒரு ஸ்டூல் காலி.

"போன வாரம் பாலத்தடி பப்புல ஊத்தினது கறுப்பே இல்ல, பாத்திரம் கழுவின தண்ணி" என்றார் ஜார்லத்.

"அப்புறம் ஏன்யா கிளாஸ நக்கிக்கிட்டு உக்காந்திருந்த?" என்றான் செனன்.

"தீர்ப்பு சொல்லணும்னா முழுசா குடிக்கணும்."

முதல் சுற்று என்னுடையது. மூன்று விரலைக் காட்டினேன். டிம்ப்னா நான்கு கிளாஸ் எடுத்து வரிசையாக ஊற்றி வைத்தாள்.

"மூணுதான் கேட்டேன்."

"நாலு பேரு வந்துட்டு மூணு சொல்ற வழக்கம் ஹெஹிர் வீட்டுல எப்போ ஆரம்பிச்சுது?"

செனன் சிரித்தான். "ஜார்லத், உன்னை அவ ரெண்டா பாக்குறா. ஒரு ஜார்லத்தே இந்த ஊருக்கு அதிகம்."

"வாய மூடு. நீ மேஞ்ச கூரை ஒழுகுதாம், போய்ப் பாரு."

என் பெயரில் ஊற்றிய பைன்ட்டை நான் திருப்பி அனுப்புவதில்லை. "இருக்கட்டும்" என்றேன். அது ஒரு சாதாரணத் தப்பு என்றுதான் அப்போது நினைத்தேன்.

மணி 4.13. மூன்று கிளாஸ்களும் அடங்கிவிட்டன. நான்காவது அடங்கவில்லை. பழுப்பாகச் சுழன்றுகொண்டே இருந்தது. மூன்று நிமிடம். நான்கு நிமிடம். ஐம்பது வருடமாக கறுப்பு குடிக்கிறேன். அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. டிம்ப்னா எங்கள் மூன்றையும் நிரப்பிக் கொடுத்தாள். பிறகு என் வலப்பக்கம் பார்த்து, "கொஞ்சம் பொறுங்க, இன்னும் அடங்கல" என்றாள்.

என்னிடம் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் கண் என் மேல் இல்லை.

கதவருகே கோட் மாட்டும் ஆணிகள் வரிசையாக இருக்கும். எங்கள் மூன்று கோட்டுகளும் மூன்று ஆணிகளில் தொங்கின. நான்காவது ஆணியில் ஒன்றுமில்லை. ஆனால் அதற்குக் கீழே தரை நனைந்திருந்தது.

சொட்... சொட்...

செனன் மூக்கை உறிஞ்சினான். "இங்க யாருய்யா சிமெண்ட் குழைக்கிறது?"

எனக்கும் அந்த வாசனை வந்தது. ஈர சிமெண்ட். என் வலப்பக்கத்திலிருந்து.

மணி 4.19. நான்காவது கிளாஸ் சட்டென்று அடங்கியது. ஒரு நொடியில் மையாகக் கறுத்தது. டிம்ப்னா நிரப்பி, காலி ஸ்டூலுக்கு நேராக வைத்தாள். லேசாகத் தலையாட்டிவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

நான் நோட்டைத் திறந்தேன். நிறம் என்று எழுதினேன். நுரை என்று எழுதினேன். வளையம் என்று எழுதும்போது கண் தானாக வலப்பக்கம் போனது.

கிளாஸில் ஒரு வளையம் இருந்தது.

அகலமான வளையம்.

யாரும் தொடவில்லை. ஜார்லத்தின் இரண்டு கைகளும் அவர் கிளாஸில் இருந்தன. செனன் அதற்கும் அப்பால் இருந்தான்.

"கிளாஸ்ல ஓட்டையா?" என்றான் செனன். இம்முறை அவன் சிரிக்கவில்லை.

4.23. இரண்டாவது வளையம்.

நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விழுந்தது. கிளாஸ் அசையவில்லை. கறுப்பு மட்டும் கீழே இறங்கியது... வெள்ளைக் கோடு ஒன்று மேலே தங்கியது.

ஜார்லத் சிலுவைக் குறி போட்டார்.

4.26. மூன்றாவது.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. வெகுநேரம்.

எனக்குத் தெரிந்துவிட்டது.

மழை. கடிகாரம். சொட்... சொட்...

4.37. அடியில் ஒன்று.

உடனே இன்னொன்று.

ஒட்டினாற்போல்.

கிளாஸ் காலி.

பிறகு கவுண்டர் பலகையில், என் முழங்கைக்குப் பக்கத்தில்...

டக்.

டக்.

டிம்ப்னா திரும்பினாள். யாரோ சொல்வதைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்தாள். "சரி" என்றாள். ஒரு கிளாஸ் எடுத்து ஊற்றினாள். நிறுத்தினாள். இரண்டு நிமிடம் அடங்க விட்டாள். நிரப்பினாள். கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"நான் கேக்கல."

"நீங்க இல்ல. அவரு."

"எவரு?"

"இதோ..." அவள் விரல் என் வலப்பக்கம் நீண்டது. பாதியில் நின்றது. "இங்கதான இருந்தாரு... 'எங்க அண்ணனுக்கு ஒண்ணு ஊத்தும்மா'ன்னாரே..."

டிம்ப்னா இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருடம்தான் ஆகிறது. எனக்கு ஒரு தம்பி உண்டு என்பது அவளுக்குத் தெரியாது. நான் அவன் பெயரை யாரிடமும் எடுத்ததில்லை.

பைன்ட் என் முன்னால் நின்றது. நல்ல கறுப்பு. விரல் தடிமனுக்கு நுரை.

நான் எழுந்தேன்.

பக்கத்து ஸ்டூல் கிறீச்சென்றது. உட்கார்ந்திருப்பவன் திரும்பிப் பார்த்தால் எப்படிக் கிறீச்சிடுமோ, அப்படி.

கோட்டை மாட்டினேன். பொத்தான் போட்டேன். எல்லாப் பொத்தானும்.

வாசலில் ஒரு தடவை திரும்பினேன். பைன்ட் நிறைந்தபடி இருந்தது. அந்த ஸ்டூலின் தோல் மெத்தை நடுவில் குழிந்திருந்தது. அந்தக் குழி எழவில்லை. அவன் போகவில்லை. உட்கார்ந்தே இருந்தான்.

கதவைச் சாத்தினேன். மணி 4.42.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஃபோன் வந்தது. கவென்ட்ரியில் ஓர் ஆஸ்பத்திரி நர்ஸ். லோர்கன் ஹெஹிரின் பணப்பையில் என் நம்பர் எழுதிய காகிதம் இருந்ததாம். காகிதம் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து போயிருந்ததாம். வியாழன் பிற்பகல் 3.40க்கு அவன் இறந்துவிட்டான். நான் மூன்று விரல் காட்டியதற்கு அரை மணி நேரம் முன்னால்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் அந்தப் பெண். "அவர் இறந்ததும் முகத்தை நான்தான் துடைச்சேன். அஞ்சு மணிக்குக் கீழ பிணவறைக்கு எடுத்துட்டுப் போக வந்தப்ப, மேலுதட்டுல வெள்ளையா நுரை. பீர் வாசனை. அவர் குடிய விட்டுப் பத்தொன்பது வருஷமாச்சுன்னு சீட்டுல எழுதியிருக்கு. எங்க வார்டுக்குள்ள பீர் எப்படி வந்துச்சுன்னு..."

எனக்குத் தெரியாது என்றேன்.

செவ்வாய்க்கிழமை அவனை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அவனோடு கட்டட வேலை பார்த்த வயதான மனிதர் ஒருவர் கூடவே வந்தார். சர்ச் வாசலில் பெட்டியைத் தூக்கப்போகும் நேரத்தில் என்னிடம் சொன்னார். "பாத்துத் தூக்குங்க. இடது தோள் முழுக்க இரும்பு. அந்தக் காலத்துல சாரத்துலருந்து விழுந்தான். விழுந்து மூணு வாரம்கூட ஆகல, அப்பா செத்துட்டாருன்னு தந்தி வந்துச்சு. கட்டோட வரக் கூடாதுன்னு அவுத்துப் போட்டுட்டு வந்தான்."

வலப்பக்கம் சுமப்பவனுக்கு இடது தோளில்தான் பெட்டி ஏறும்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன். முப்பத்தொரு வருடம் கழித்துக் கேட்டேன்.

"அப்பாவ மண்ணுல வைக்கிற அன்னிக்கு என் தோளப் பத்திப் பேசுறதான்னான். அப்புறம்... அண்ணன் கேக்கவும் இல்லையேன்னான்."

டிம்ப்னா பக்கத்தில் நின்றிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்த ஆளு," என்றாள், "இடது கையைக் கடைசி வரைக்கும் தூக்கவே இல்ல. தொங்கப் போட்டே வச்சிருந்தாரு."

பெட்டிக்கு நான் தோள் கொடுத்தேன். வேண்டாம் என்று செனன் தடுத்தான். கையை எடு என்றேன். குழி வரைக்கும் நான் இறக்கவில்லை. அது லேசாக இருந்தது. இரும்பு இருந்தும் லேசாக இருந்தது.

அன்று நான் பயந்து ஓடினேன் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டால் எனக்குத்தான் கௌரவம். ஆனால் பயமில்லை அது. மூன்றாவது வளையத்திலேயே அது யாரென்று எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் முன்னால் எதற்காக எழுந்தேனோ அதற்காகத்தான் அன்றும் எழுந்தேன்.

இனி அந்தப் பேச்சு. அன்று இரவு நான் திரும்பி வந்தேனாம். அந்தக் காலி ஸ்டூலுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து, தம்பி வாங்கிக் கொடுத்ததைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேனாம். ஹெஹிர் சகோதரர்கள் ஒன்று சேர்ந்துவிட்டார்களாம். சர்ச்சில் இதைச் சொல்லிப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு நல்ல காரியம் செய்தீர்கள் என்கிறார்கள்.

அது உண்மையல்ல. நான் திரும்பி வரவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு டிம்ப்னா அதைத் தொட்டியில் கொட்டினாள். அந்தப் பைன்ட்டை நான் குடிக்கவில்லை.