ஐந்தாவது தேவ இரகசியம்

இத்தாலியின் பலெர்மோவில் வீட்டுவேலை செய்பவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் ஓய்வு. தொண்ணூறுகளில் எங்கள் செபக்கூட்டம் வியாழனில் நடந்ததற்கு வேறு காரணம் கிடையாது. அந்த நாட்களில் செபமாலையில் வியாழனுக்கு உரியவை, இயேசுவின் பிறப்பையும் பிள்ளைப்பருவத்தையும் நினைக்கும் சந்தோஷ தேவ இரகசியங்கள். துக்கத்துக்கும் மகிமைக்கும் வேறு கிழமைகள் உண்டு. அந்தக் கிழமைகளில் நாங்கள் யாரோ ஒரு சின்யோரா எசமானியின் வீட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருப்போம். ஊர்ப் போரில் ஷெல்லுக்குப் பயந்து ஓடிவந்த சனம் வாராவாரம் கூடியிருந்து சந்தோஷத்தை மட்டும் செபித்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

என் வேலை, படுக்கையில் கிடந்த ஒரு கிழவரைப் பார்ப்பது. மலமும் மூத்திரமும் அள்ளினேன், வாயில் வழிவதைத் துடைத்தேன். "உமக்குக் குமட்டாதோ?" என்று எங்கள் ஆட்கள் கேட்பார்கள். ஒருநாளும் குமட்டியதில்லை. அது மனுச உடம்பு, சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போய்விடும். எனக்குக் குமட்டியதெல்லாம் கேட்டவர்களைப் பார்த்துத்தான். பவுடர் பூசி, மடிப்புக் கலையாத சேலையும் காற்சட்டையுமாய், கையில் செபமாலையோடு வருவார்களே, அவர்களைப் பார்த்து.

என் மகளை நான் பெறவில்லை. என் மனைவியின் முதல் கணவர் ஊரில் ஷெல் அடியில் செத்தபோது பிள்ளை வயிற்றில் இருந்தது. அது தவழத் தொடங்கிய காலத்தில் நான் அவளைக் கலியாணம் செய்தேன். பிள்ளை வாய் திறந்து முதலில் சொன்ன சொல் 'அப்பா'. சொன்னது என்னைப் பார்த்து. பலெர்மோவுக்கு வந்தபிறகு, எட்டு ஒன்பது வயதில் கோயிலில் புதுநன்மை எடுக்கட்டும், அதன்பின் உண்மையைச் சொல்வோம் என்று நானும் மனைவியும் நாளைக் கடத்திக்கொண்டிருந்தோம். உண்மையைச் சொன்னால் அந்த 'அப்பா' இல்லாமல் போய்விடும் என்று பயந்தேன். எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான். செபக்கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எங்கள் தீவுச் சனம், விஷயம் தெரிந்தவர்கள். பிள்ளையின் காதில் போடவேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டிருந்தோம். எல்லோரும் தலையாட்டினார்கள்.

செபமாலையின் ஐந்து தேவ இரகசியங்களையும் ஆளுக்கொன்றாய் முன்னின்று சொல்வது எங்கள் வழக்கம். யார் வீட்டில் கூடினாலும் என் மகள் ஐந்தாவதையே கேட்டு வாங்குவாள். காணாமற்போன பன்னிரண்டு வயது இயேசுவைத் தாயும் வளர்ப்புத் தகப்பன் சூசையப்பரும் கோயிலில் கண்டுபிடித்த இரகசியம் அது. கடைசி என்பதால், முடிந்த கையோடு மீன் ரோல்ஸ் தட்டுக்கு ஓடலாம் என்றுதான் கேட்கிறாள் என நினைத்திருந்தேன்.

அவளுக்கு ஒன்பது வயதானபோது ஒரு வியாழன் எங்கள் முறை வந்தது. ஒரேத்தோ தெருவில் எங்களுக்கு இருந்தது ஓர் அறையும் குசினியும். கட்டிலைச் சுவரோடு நிமிர்த்திவிட்டுப் பாய் விரித்தோம். மனைவி விடியவே பல்லரோச் சந்தைக்குப் போய் மீன் வாங்கிவந்து ரோல்ஸ் பொரித்திருந்தாள். செபமாலை முடிந்தது. கூட்டத்தின் தலைவர் முதல் ரோலைக் கடித்தபடி ஆரம்பித்தார். அவர் ஒரு வக்கீல் வீட்டில் வேலை செய்பவர். வக்கீலின் பழைய கோட்டுகளோடு அந்தாளின் வாயும் இவருக்கு வந்து சேர்ந்திருந்தது.

"தான் கடவுளின்ர மகன் எண்டு இயேசுவுக்கு எப்ப தெரிஞ்சது? ஆராவது சொல்லுங்கோ பாப்பம்."

"பிறக்கேக்கையே தெரியும்தானே," என்றாள் பாயின் மூலையில் இருந்த ஓர் அக்கா.

"இல்லை, பன்ரண்டு வயசிலை," என்றான் புதிதாய் வந்த ஒரு தம்பி. "என்ர தகப்பன்ர வீட்டிலைதானே நான் இருப்பன் எண்டு கோயிலிலை வைச்சுத் தாய்க்குச் சொன்னவரெல்லோ."

"அதுதான் விஷயம்!" தலைவர் விரலை நீட்டினார். "பக்கத்திலை சூசையப்பர் நிக்க நிக்கச் சொன்னவர். என்னதான் வளத்தாலும் ரத்தம் தன்ர தகப்பனைத்தான் தேடும். சூசையப்பர் பாவம், சாப்பாடு போட்ட மனுசன், அவ்வளவுதான்."

சொல்லும்போது என்னைப் பார்த்தார். கடைவாயில் எண்ணெய் மினுங்கியது.

அக்கா விரலைச் சூப்பினாள். "ஓம் ஓம். உந்தப் பிள்ளையின்ர மூக்கைப் பாருங்கோவன். செத்த மனுசன் அச்சொட்டாய் வந்து நிக்கிறார்."

என் மகள் தேத்தண்ணித் தட்டோடு அவளுக்கு முன்னால் நின்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் செபமாலையை உருட்டினார்கள். குசினியில் மனைவி திறந்துவிட்டிருந்த தண்ணீர் நின்றது. "சரி சரி, பிள்ளையள் இருக்குதுகள்," என்ற தலைவர், இன்னொரு ரோல் எடுத்தார்.

அந்தக் கையைப் பார்த்தேன். கிழவரின் அறையில் ஒருநாளும் வராத ஓங்காளம் என் வீட்டுப் பாயில் வந்தது.

"எழும்புங்கோ. எல்லாரும் எழும்பிப் போங்கோ," என்றேன்.

"பகிடிக்குச் சொன்னதுக்கு உமக்கேன் இவ்வளவு ரோசம்?" என்று கேட்ட அக்கா, போகிறபோது மிச்ச ரோல்ஸைக் கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மனைவி குசினிக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். மகள் கோப்பைகளைப் பொறுக்கினாள். நான் பாயில் இருந்தேன்.

"பிள்ளை, அந்த அன்ரி சொன்னது..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம். செக்கோந்தா படிக்கேக்கையே அந்த அன்ரியின்ர மகள் ஸ்கூலிலை சொல்லிட்டாள்."

"எங்களுக்கேன் சொல்லேல்லை?"

"நீங்களும் சொல்லேல்லைத்தானே. சொன்னா ரெண்டு பேரும் கவலைப்படுவீங்கள்."

செக்கோந்தா என்றால் இரண்டாம் வகுப்பு. ஏழு வயதில் இதைத் தெரிந்துகொண்டு, எங்களுக்காக மறைத்து, வியாழன் தவறாமல் அந்த வாய்களுக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்திருக்கிறாள். வந்த ஆத்திரத்தில் அவர்கள் கடித்துப் போட்டிருந்த துண்டுகளைத் தட்டோடு குப்பையில் கொட்டினேன். அவள் பேசத் தொடங்கியதிலிருந்து 'அப்பா' என்ற சொல் வரவில்லை என்பதும் என் காதில் உறைத்துக்கொண்டே இருந்தது.

"இனி உந்தச் சனத்தோடை செபமாலை வேண்டாம்," என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. "அப்ப அஞ்சாவதை எங்கை சொல்லுறது?"

"ஏன் எப்பவும் அஞ்சாவதையே கேக்கிறாய்?"

கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாய் அடுக்கியபடி, ஒன்றும் தெரியாதவனுக்குச் சொல்வதுபோல், சூசையப்பருக்குப் பள்ளியில் படித்த இத்தாலியப் பெயரை வைத்துச் சொன்னாள்:

"அதிலை அவருக்குத் தெரிஞ்சிட்டுது. தெரிஞ்ச பிறகும் சான் ஜூசேப்பேயோடை வீட்டைதானே போனவர்."

பிறகு கோப்பைகளோடு போய்க் குசினிக் கதவைக் காலால் தட்டினாள்.

"அம்மா, திறவுங்கோ. அப்பா இன்னும் தேத்தண்ணி குடிக்கேல்லை."