தம்பி ஆமாம் போட்ட ஞாயிறு

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு எதிர்க்கட்சி என்று பேர். சங்கக் கூட்டத்தில் நான் தீர்மானத்தைப் படித்து முடிப்பதற்குள் பின்வரிசையில் அவள் கை எழும். நிர்வாகத்தோடு மல்லுக்கட்டியதைவிட அவளோடு நான் மல்லுக்கட்டியதுதான் அதிகம். கோரிக்கை சரி, வாசகம் தப்பு என்பாள். வாசகத்தைத் திருத்தினால், கோரிக்கை இளைத்துவிட்டது என்பாள். ஒருமுறை வேலைநிறுத்தம் வேண்டாம் என்று கூட்டம் முழுக்கப் பேசிவிட்டு, மறுநாள் வாசலில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கு, பேசுறது பேச்சு, உக்கார்றது வேலை என்றாள்.

ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. புருஷன் செத்துப்போனார். பிள்ளைகள் இல்லை. நகல் எடுக்கும் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர், கை நீட்டினால் தொடலாம். படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். சலவைக்கூடத்தில் அப்படித்தான், ஆளுக்கு இரண்டு முனை. இங்கே ஒரு பக்கத்து முனைகளை ஜன்னல் கம்பியில் முடிந்துவிட்டு, மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு அவளே நடக்கிறாள். நான் போயிருந்தபோது உதவிக்கு எழுந்தேன். கோணலாகப் பிடிக்கிறேன் என்று உட்கார வைத்துவிட்டாள்.

சொந்தம் என்று மிச்சம் இருப்பது ஒரு தம்பி. லாரி ஓட்டியவன். இப்போது வேறு ஊரில் மகன் வீட்டில் இருக்கிறான். ஞாயிறு காலையில் போன் வரும். சாப்பிட்டியா, முட்டி வலி எப்படி இருக்கு என்பதெல்லாம் ஒரே மூச்சில் முடியும். அப்புறம் தாத்தா பேச்சுதான்.

அம்மாவும் அப்பாவும் பிழைப்புத் தேடிப் போனபோது இரண்டு பேரையும் தாத்தாவிடம் விட்டுப் போனார்கள். தாத்தா மரக்கடைக் காவலாளி. கடைக்குப் பின்னால் பலகை அடைத்த அறையில் மூவரும் படுத்தார்கள். தாத்தா கோபக்காரர் என்பான் தம்பி. காது மந்தம், அதனால் கத்தினார், கோபமெல்லாம் இல்லை என்பாள் அக்கா. கடை நாய் கறுப்பு என்பான். பழுப்பு என்பாள். பெருமழையில் மரக்கடைக்குள் தண்ணீர் புகுந்த அன்று, தாத்தாவால் ஒரு பிள்ளையைத்தான் தோளில் தூக்க முடிந்தது. யாரை? காய்ச்சலில் கிடந்த என்னை என்பாள் அக்கா. சின்னவன் என்னை என்பான் தம்பி. அந்த வழக்கு இரண்டு பேர் கல்யாணத்துக்கும் முன்பிருந்தே நடந்தது. தீர்ப்பே கிடையாது, வாய்தாதான். சில ஞாயிறு கோபத்தில் போனை வைத்துவிடுவார்கள். அடுத்த ஞாயிறு விட்ட இடத்தில் தொடங்குவார்கள்.

தாத்தாவுக்கு ஒரு போட்டோகூட இல்லை. அவரைக் கண்ணால் பார்த்தவர்களில் இந்த இரண்டு பேர்தான் மிச்சம்.

ஒரு ஞாயிறு அவள் வழக்கம்போல, பழுப்பு நாய் தாத்தாவின் கட்டிலுக்கு அடியில் படுத்திருக்குமே என்று வம்பை ஆரம்பித்தாள். தம்பி, ஆமாக்கா என்றான். உடம்பு சரியில்லை போல, சண்டைக்குத் தெம்பில்லை என்று விட்டுவிட்டாள். அடுத்த வாரமும் ஆமாக்கா. மருமகள் பக்கத்தில் இருக்கிறாள், அதனால் நல்ல பிள்ளை வேஷம் போடுகிறான் என்று சிரித்துக்கொண்டாள். அதற்கடுத்த வாரம் சிரிப்பு வரவில்லை. தாத்தா தினமும் மழமழவென்று முகம் வழித்துக்கொள்கிறவர். அதில் மட்டும் இரண்டு பேருக்கும் தகராறு வந்ததே இல்லை. வேண்டுமென்றே பொய் சொல்லிப் பார்த்தாள்.

"தாத்தாவுக்குப் பெரிய மீசைடா. ஞாபகம் இருக்கா?"

"ஆமாக்கா. பெரிய மீசை."

அவள் போனை வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கீழே நகல் கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததாம். அது நிற்கும்வரை எழுந்திருக்கவில்லை.

பிறகு தம்பி மகனுக்குப் போன் போட்டாள். அவன் இழுத்து இழுத்து உண்மையைச் சொன்னான். டாக்டரிடம் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். மறதி நோய், இனி கூடத்தான் செய்யும். அத்தையை ஏன் கஷ்டப்படுத்த வேண்டும் என்று நினைத்து அவளிடம் சொல்லாமல் இருந்தார்களாம். அப்பா இப்போது எல்லோருக்கும் ஆமாம் போடக் கற்றுக்கொண்டுவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் போன் போடணும் என்பதையும் இவன்தான் ஞாபகப்படுத்துகிறான். இனி அத்தை விருப்பம், பேச வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்றான். விட்டால் தம்பி தேட மாட்டான், அது அவளுக்குப் புரிந்தது. போன் போடாமல் இருந்துடாதே என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

அந்த வாரம் முழுக்க என்ன பேசுவது என்று யோசித்திருக்கிறாள். ஞாயிறு போன் வந்தது. நலம் விசாரித்து முடிந்தது. அவளே ஆரம்பித்தாள்.

"தண்ணி வந்த அன்னைக்கு தாத்தா உன்னைத்தான்டா தோள்ல தூக்கிட்டுப் போனாரு."



"அப்ப நீ?"

"நான் அவரு சட்டையப் புடிச்சுக்கிட்டு நடந்தேன்."

"காலெல்லாம் நனைஞ்சிருக்குமே அக்கா."

"காஞ்சிடுச்சுடா."

இப்போது வாராவாரம் அவனுக்கு அவன் கட்சியைத்தான் சொல்லிக்கொடுக்கிறாள். நாய் கறுப்பு. தாத்தா கோபக்காரர். அவன் கேட்டுக்கொள்கிறான், சில நாள் சிரிக்கிறான். தன் கட்சியை அவள் யாரிடமும் சொல்வதில்லை.

இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னது அந்த மூன்றாவது மாடி அறையில்தான். மடித்த துணி மடியில் இருந்தது. உண்மையில் தாத்தா யாரைத்தான் தூக்கினார் என்று கேட்டேன்.

"இத்தன வருஷமா அடிச்சுச் சொன்னேன் தோழர். இப்ப எனக்கே நிச்சயமா தெரியல. அவன் இல்லைன்னு சொல்லச் சொல்லத்தான் எனக்கு அந்தத் தோளு ஞாபகத்துல இருந்துச்சு."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. எதிர்த்துப் பேச வரும், காலமெல்லாம் அதைத்தானே செய்தேன். அவள் பழையபடி கையைத் தூக்கட்டும் என்று நினைத்து, சும்மா வம்புக்கு ஆரம்பித்தேன். உன்னைத் தூக்கியிருக்கவே முடியாது, அந்த வயசில் நீ நல்ல கனமாக இருந்திருப்பாய், கிழவனார் இடுப்பு ஒடிந்திருக்கும் என்றேன்.

அவள் சண்டைக்கு வரவில்லை. கோபப்படவும் இல்லை.

"நீங்க அங்க இல்லையே தோழர்" என்றாள்.

சரிதான். நான் அங்கே இல்லை. டீ போடட்டுமா என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.